சன்னலுக்கு வெளியே ஒரு பசுமை

1984ஆம் ஆண்டு ரோஜர் உல்ரிச் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரினும் விரைவில் வீடு திரும்பினர். கடும் வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

சிறிய ஆய்வே எனினும் அது காட்டும் வழி எளிது. பசுமை மருந்துக்கு மாற்றாகாது, துணைநிற்கும். ஆகவே, இயன்றால் கட்டிலைச் சன்னலை நோக்கித் திருப்பி வைப்போம்.

ஓர் எச்சரிக்கையும் கூறுகிறோம். புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோரும் உறுப்புமாற்றம் செய்துகொண்டோரும் மருத்துவர் இசையும்வரை மண்ணைத் தொடலாகாது. மண்ணிலுள்ள பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடும். தொட்டி அறைக்கு வெளியே இருக்கட்டும். நீரூற்றுவது வீட்டார் பணி. தளிர்ப்பதைக் கண்டு மகிழ்வது நோயாளர் உரிமை.