சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் ஸிம்பனியும் அதன் இசைத்தட்டுகளும்

ருஷ்ய தேசத்துச் சங்கீத மேதையான சாய்கோவ்ஸ்கி, தம் ஆறாம் ஸிம்பனியை 1893ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் பீட்டர்ஸ்பர்க் நகரில் தாமே முன்னின்று நடத்தினார். ஒன்பது நாட்களில் அவர் காலஞ்சென்றார். அது முதல் இவ்விசையை அவருடைய மரண சாஸனமாகவே கேட்பது உலக வழக்காயிற்று. இதற்கு வழங்கும் 'பதெத்தீக்' என்னும் பெயரும் அவ்வழக்கை வலியுறுத்திற்று. ருஷ்ய மொழியிலோ அச்சொல் அழுகையினும் உணர்ச்சிப் பெருக்கையே மிகுதியும் குறிக்கும். கதைகளை விடுத்து அவர் எழுதிவைத்த சுரங்களை நோக்குதலே மாணவர்க்குத் தக்கது.

நான்காம் பகுதியின் தொடக்கத்தைக் காண்போம். மேற்றிசை வாத்தியக் குழுவில் பிடில் வாசிப்போர், முதற் பிடிலார், இரண்டாம் பிடிலார் என இரு பிரிவினர். இவ்விடத்தே படிப்படியாகக் கீழிறங்கும் சோகமான மெட்டொன்று நம் செவியில் விழுகின்றது. ஆனால் அம்மெட்டை வாசிப்பார் ஒருவருமிலர்! ஒரு சுரம் ஒரு பிரிவினர்க்கும் அடுத்த சுரம் மற்றவர்க்குமாக மாற்றி மாற்றிப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு பிரிவினர் வாசிப்பதைத் தனியே கேட்பின், தாவித் தாவிச் செல்லும் ஒழுங்கற்ற சுரங்களே புலப்படும். இரண்டும் கலக்குமிடத்தே மெட்டுப் பிறக்கின்றது. பின்னர் அது மீண்டு வருங்கால் முதற் பிடிலாரே முழுவதும் வாசிக்கின்றனர். மெட்டு ஒன்றே, எழுதிய முறை வேறு.

இங்ஙனம் எழுதியதன் பயன் யாது? அக்காலத்தில் இரு பிரிவினரும் நடத்துவோரின் இடப்புறமும் வலப்புறமுமாக எதிரெதிரே அமர்வது பெருவழக்கு. ஆதலின் மெட்டு மேடையின் குறுக்கே அலைந்து திரியும். பின்னாளில் இருவரையும் இடப்புறமே சேர்த்து இருத்தும் வழக்கம் பரவவே, அவ்வலைவு மறைந்தது.

1938இல் பூர்ட்வேங்க்ளர் பெர்லின் குழுவைக் கொண்டு பதிவு செய்த தட்டுகள் புகழ்வாய்ந்தவை. எனினும் ஒற்றைத் தடப் பதிவில் இடமேது, வலமேது? மேலும் ஒரு பக்கம் நான்கு நிமிஷமளவே ஓடுமாதலால், நான்கு நிமிஷத்திற்கொருமுறை துயரம் நின்று, தட்டைத் திருப்பும்வரை காத்திருந்தது. 1960இல் ம்ராவின்ஸ்கி லெனின்கிராட் குழுவுடன் செய்த ஸ்டீரியோ பதிவில் பிடிலார் இருபுறமும் பிரிந்து அமர்ந்தனர். எழுதியது எழுதியவாறே செவிக்கெட்டிற்று.

2017இல் ஸோனி நிறுவனம் வெளியிட்ட கூரென்ட்ஸிஸின் பதிவு வேறொன்றற்காகக் கவனிக்கத் தக்கது. முதற் பகுதியின் நடுவே, பஸூன் என்னும் துளைக்கருவி வாசிக்கும் கடைசிச் சுரங்களுக்கு 'மெல்ல' என்னும் குறியை ஆறு முறை அடுக்கியிருக்கின்றார் சாய்கோவ்ஸ்கி. அத்துணை மெலிவு அக்கருவிக்கு அரிதாதலின், பலர் அதனைப் பாஸ் கிளாரினெட்டிடம் ஒப்படைப்பர். உடனே குழு முழுவதும் இடியென முழங்கும். பழைய தட்டின் இரைச்சலில் அம்மெலிவு கரைந்துபோம். கூரென்ட்ஸிஸோ மெலிவையும் முழக்கத்தையும் எல்லைவரை இழுக்கின்றார். சிலவிடங்களில் அது மிகையே. இவ்விடத்தில் ஏடு கேட்பது அதுவே. வீட்டில் கேட்போர் ஒலியைக் கூட்டிவைத்தால் முழக்கத்தில் திடுக்கிட நேரும்.

நான்காம் பகுதியைச் சோதிக்க விரும்புவோர், பிடிலார் பிரிந்தமர்ந்த ஸ்டீரியோ பதிவொன்றைத் தெரிந்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் செவியிற் பொருத்திக் கேட்க. அறிந்த மெட்டு ஓரளவேனும் சிதைந்து கேட்கும். மற்றதையும் பொருத்தினால் மெட்டு மீளும்.