ஊசிக்கும் ஒரு வரி எழுதுங்கள்

"உன் ஷூ கம்பெனிக்கு நான் எதுக்கும்மா கரண்ட் பில் கட்டணும்?"

என் மாமியார் இப்படிக் கேட்ட அன்றுதான் எனக்குக் கணக்குப் புத்தி வந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் டெய்லர் வேலை பார்த்தேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம், அதைத் தைப்பது. இரண்டாவது குழந்தை பிறந்தபின் விடிகாலைக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. பழைய மெஷின் இரண்டு வாங்கி வாசல் அறையில் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கூலிக்கு வந்தார். வெட்டிய தோல் மூட்டையாக வரும், தைத்த ஜோடி எண்ணிக்கையோடு திரும்பும். பேரணாம்பட்டு, வாணியம்பாடித் தெருக்களிலும் இதே கதைதான். 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூரோடு போனது, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. மூட்டைகளுக்கு அந்த எல்லை தெரியாது.

கையில் வரும் கூலி மொத்தமும் சம்பாத்தியம் என்றே நினைத்திருந்தேன். மாமியாரோ பால் விற்ற காசில் என் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றிரவு பையனின் பழைய நோட்டில் எழுதிப் பார்த்தேன். வீடு 600 சதுர அடி, மெஷின் அறை 120. வாடகை 5,000-ல் ஐந்தில் ஒரு பங்கு 1,000. மெஷினுக்கான கரண்ட் 700. ஊசி, நூல், எண்ணெய் 600. ரிப்பேர் 300. ஆட்டோ 400. ஆக 3,000 ரூபாய். மாதம் 1,500 ஜோடி தைத்தோம். ஜோடிக்கு 22 ரூபாய் கூலியில் 2 ரூபாயை வீடே தின்றிருக்கிறது! அக்காவின் கூலி தனி.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போனேன். செலவையெல்லாம் கழித்து வரி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பு. அவர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு வரியே வராதேம்மா. ஆனா பணம் போயிருக்கு, தெரியுமா?" என்றார். ஒப்பந்த வேலைக்கு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் பில் போனால், கம்பெனி 1 சதவீதத்தை முன்கூட்டியே வரியாக (டிடிஎஸ்) பிடித்துவிட்டுத்தான் தரும். என் வருடக் கூலி 3,96,000, பிடித்தது 3,960. கணக்குத் தாக்கல் செய்யாததால் அது அங்கேயே கிடந்தது. பான் எண் கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள் என்றும் சொன்னார். அதிலிருந்து வருடாவருடம், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்துத் தாக்கல் செய்கிறேன். பணம் திரும்பி வருகிறது.

செலவை எங்கே கழிப்பது? என்னைப் போன்ற சிறு தொழிலுக்கு ஊக வருமான முறை இருக்கிறது. 1961 வருமான வரிச் சட்டத்தில் அது 44ஏடி பிரிவு. 2026 ஏப்ரல் 1-ல் வந்த புதிய சட்டத்தில் எண் மாறினாலும் வழி அதேதான். பேங்க் வழியாக வந்த பணத்தில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். வாடகை, கரண்ட், தேய்மானம் எல்லாம் கழித்ததாகவே அர்த்தம். அதற்குமேல் தனியாகக் கழிக்க முடியாது. ஆனால் கமிஷனுக்கு மூட்டை பிடித்துத் தரும் ஏஜென்டுகளுக்கு இந்த வழி கிடையாது. இன்னொன்று, வெறும் 6 சதவீதம் காட்டிவிட்டு மெஷின் லோனுக்குப் போனால் பேங்க் மேனேஜர் அந்தச் சின்ன எண்ணைத்தான் பார்ப்பார். நிஜமாக நின்ற லாபத்தையே நான் காட்டுகிறேன்.

உண்மைச் செலவைக் கழிக்கும் வழியில் போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

வாடகை வீடானால் தொழில் நடக்கும் இடத்தின் பங்கு மட்டுமே செல்லும். சொந்த வீட்டுக்கு நமக்கு நாமே வாடகை கொடுத்ததாக எழுத முடியாது. அந்த அறையின் ரிப்பேரை எழுதலாம்.

மெஷினை ரொக்கம் கொடுத்து வாங்காதீர்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடைக்காது. என் முதல் மெஷின் அப்படித்தான் போயிற்று, பில்லும் இல்லை.

வீட்டு இணைப்பில் தொழில் மெஷின் ஓட்டினால் மின்வாரியம் அபராதம் போடலாம். நான் தனி மீட்டர் வாங்கிவிட்டேன். கணக்கும் தெளிவாயிற்று.

வரியில் அந்த நோட்டு எனக்கு ஒரு பைசா மிச்சம் பிடித்துத் தரவில்லை. ஆனால் அடுத்த ஆர்டருக்கு ரேட் பேசும்போது அதை ஏஜென்ட் முன்னால் விரித்து வைத்தேன். அதுவரை "கட்டுபடி ஆகலண்ணே" என்று மட்டும் சொல்லத் தெரிந்தவள், "வீட்டுச் செலவே ஜோடிக்கு ரெண்டு ரூபா ஆகுதுண்ணே" என்று சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். 23-க்குச் சம்மதித்தார். இன்னும் ஒரு ரூபாய் பாக்கி இருக்கிறது.

மெஷின் மீட்டர் பில்லை இப்போது நானே கட்டுகிறேன். ரசீதை நோட்டில் ஒட்டும்போது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். "நேத்து ஊசி உடைஞ்சுதே, அதை எழுதுனியா?" என்பார்.