எக்மோ: ஆபரேஷனுக்குப் பிறகு பிஞ்சு இதயத்துக்கு ஓய்வு தரும் கருவி



இந்த மாதப் பாடம் கொஞ்சம் கடினமானது. ஆனாலும் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. 'எக்மோ' என்ற பேரை நாம எல்லோரும் டி.வி. செய்தியில கேட்டிருக்கிறோம். 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களுக்கு அதைப் பொருத்தினார்கள். 2020-ல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அவர்களுக்கும் பொருத்தினார்கள். இருவரும் பிழைக்கவில்லை. அதனால் "எக்மோ வெச்சுட்டாங்கன்னா அவ்வளவுதான்" என்ற எண்ணம் பலர் மனதில் பதிந்துவிட்டது.

பிறந்த குழந்தைக்கு இதய ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து, "எக்மோ வைக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்று கேட்டால் என்ன செய்வது? பயந்துபோய் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. ஒன்றும் புரியாமல் நகையையும் தறியையும் விற்க ஓடவும் கூடாது. புரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடம்.

எந்தக் குழந்தைக்கு ஆபரேஷன்?

பிறக்கிற 1000 குழந்தைகளில் 8 அல்லது 9 பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றை மருந்தாலேயே சமாளிக்கலாம். சில குழந்தைகளுக்கு மட்டும் பிறந்த சில நாட்களிலேயே ஆபரேஷன் வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறோம். சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறி இருக்கும். ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் நுரையீரலுக்கே திரும்பப் போகும். ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் உடம்பையே சுற்றும். குழந்தை நீலம் பாரித்துவிடும். அந்தக் குழாய்களை வெட்டி, சரியான இடத்தில் தைக்க வேண்டும். குழந்தையின் இதயமோ அதன் மூடிய கைப்பிடி அளவுதான்.

தறியை நிறுத்தலாம், இதயத்தை?

பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டுத்தான் பிணைக்கிறோம். இதயத்தையும் நிறுத்தி வைத்தால்தான் இப்படிப்பட்ட வேலையைச் செய்ய முடியும். ஆனால் தறி நின்றால் சேலை காத்திருக்கும். இதயம் நின்றால் உயிர் காத்திருக்காது. அதனால் ஆபரேஷன் நடக்கும் சில மணி நேரம், இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஒரு இயந்திரம் செய்கிறது. 1953-ல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்ற டாக்டர் இதை வைத்து முதன்முதலில் வெற்றி கண்டார். நமக்குப் பக்கத்தில் இருக்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, 1960-களின் தொடக்கத்திலேயே நம் நாட்டில் திறந்த இதய ஆபரேஷனுக்கு வழிகாட்டிய இடங்களில் ஒன்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், சில குழந்தைகளுக்கு இதயம் வீங்கி, களைத்துப்போய், ரத்தத்தைத் தள்ள முடியாமல் தவிக்கும். அப்போதுதான் எக்மோ தேவைப்படுகிறது. இது சில மணி நேரத்துக்கு அல்ல, சில நாட்களுக்குத் துணை நிற்கும் கருவி.

எக்மோ எப்படி வேலை செய்கிறது?

குழந்தையின் கழுத்திலோ, ஆபரேஷன் செய்த நெஞ்சிலோ குழாய் வைப்பார்கள். ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் அதன் வழியாக வெளியே வரும். ஒரு பம்ப் அதைத் தள்ளும். மெல்லிய சவ்வு உள்ள பெட்டியில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சேரும், கரியமில வாயு நீங்கும். பிறகு உடம்புச் சூட்டுக்கு வந்த ரத்தம் இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குள் திரும்பும்.

3 கிலோ குழந்தையின் உடம்பில் இருப்பதே சுமார் கால் லிட்டர் ரத்தம்தான். அதனால் கருவியின் குழாய்களை நிரப்பவும் வேறு ரத்தம் வேண்டும்.

முதல் தடவை பார்க்கும் தாய்க்கு மனசு பதறும். குழந்தையைச் சுற்றி ரத்தம் ஓடும் குழாய்கள் இருக்கும். சில நேரம் நெஞ்சைத் தைத்து மூடாமல், மேலே மெல்லிய உறை போட்டு வைத்திருப்பார்கள். வீக்கம் குறைவதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

ஒன்றை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். எக்மோ நோயைக் குணப்படுத்தாது. இதயம் தேறி வர அவகாசம் மட்டும் வாங்கித் தரும். டாக்டர்கள் கருவியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இதயம் தானாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள்.

நம்பிக்கை எவ்வளவு?

1972-ல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் பார்ட்லெட், இதய ஆபரேஷனுக்குப் பிறகு தவித்த 2 வயதுக் குழந்தையை இந்த முறையில் காப்பாற்றினார். 1975-ல் பிறந்த குழந்தை ஒன்றையும் காப்பாற்றினார். அதற்கு நுரையீரலில் கோளாறு. நர்சுகள் அந்தப் பெண் குழந்தைக்கு 'எஸ்பெரான்சா' என்று பேர் வைத்தார்கள். ஸ்பானிஷ் மொழியில் அதற்கு 'நம்பிக்கை' என்று பொருள்.

உலக அளவிலான பதிவுகளின்படி, இதயக் கோளாறுக்காக எக்மோ வைக்கப்பட்ட பிறந்த குழந்தைகள் 10 பேரில் சுமார் 4 பேர் வீடு திரும்புகிறார்கள். நுரையீரல் கோளாறுக்காக வைத்தவர்களில் சுமார் 7 பேர் திரும்புகிறார்கள். நாலு பேர் என்பது குறைவாகத் தெரியலாம். ஆனால் எக்மோ இல்லாவிட்டால் அந்த நாலு பேரில் பெரும்பாலோர் பிழைத்திருக்க மாட்டார்கள்.

ஆபத்தும் உண்டு. ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். அதனால் மூளையிலும் வேறு இடத்திலும் ரத்தக் கசிவு வரலாம். கிருமித் தொற்று வரலாம். சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இதயம் தேறி வரும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
2. இந்த மருத்துவமனையில் இதுவரை எத்தனை பிறந்த குழந்தைகளுக்கு வைத்திருக்கிறீர்கள்?
3. மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தீர்களா?
4. ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு? காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்?
5. எத்தனை நாள் பார்ப்பீர்கள்? தேறாவிட்டால் என்ன செய்வீர்கள்?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, பெற்றவர்களின் உரிமை. எல்லா முயற்சியும் செய்த பிறகு, இனி பலன் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிக் கருவியை நிறுத்தினால், அது தாய் செய்த பாவம் ஆகாது. அந்தப் பேச்சை நம் குழுவில் யாரும் பேசக் கூடாது. குழந்தைக்கு இதயக் குறை வந்ததற்கும் தாயைக் குறை சொல்லக் கூடாது.

பணத்துக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பிறவி இதயக் குறைக்கான ஆபரேஷன்களும் அதில் வருகின்றன. எக்மோ நாட்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும், ஆபரேஷனுக்கு முன்பே காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டுவிடுங்கள். எல்லா மருத்துவமனையிலும் எக்மோ வசதி இல்லை. அதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். கையில் காசு இல்லாத அந்த ராத்திரியில்தான் கந்துவட்டிக்காரர் வீடு தேடி வருவார். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். குழுவில் அவசரக் கடனுக்குத் தீர்மானம் போடுங்கள். ரத்தம் கொடுக்க ஆள் அனுப்புங்கள். தாயோடு ஒருவர் துணைக்குப் போங்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது

நிலைமை மோசமாகும் முன்பே ஆபரேஷன் நடந்தால் குழந்தை தாங்கும். இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்:

- உதடு, நாக்கு நீலமாவது
- பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, விட்டு விட்டுக் குடிப்பது
- நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விடுவது
- எடை ஏறாமல் இருப்பது

'சீர்' தட்டியிருக்கிறது என்று மந்திரிக்க அலைந்து நாளைக் கடத்த வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். உடம்பு நீலமானால் உடனே 108. பிரசவம் ஆன மருத்துவமனையிலேயே, குழந்தையின் கை, காலில் ஆக்ஸிஜன் அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள். வலி இல்லாத, சில நிமிஷப் பரிசோதனைதான் அது.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் எந்தெந்தக் குடும்பத்துக்கு இன்னும் காப்பீட்டு அட்டை இல்லை?
2. மருத்துவ அவசரத்துக்கு எத்தனை மணி நேரத்தில் நம்மால் கடன் கொடுக்க முடியும்?
3. நம் தெருவில் ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் யார் யார்? எந்த வகை ரத்தம்?

மூன்றாவது கேள்விக்குப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அவசரத்துக்குத் தேட வேண்டியிருக்காது.