புகையின் நிறை: உபாத்தியாயர்களுக்கு ஒரு பாடம்

சென்ற வருஷத்து நவராத்திரி விழாவின் மறுநாட் காலையில், யாம் கற்பிக்கும் வித்தியாசாலையின் பின்வளவிலே குப்பை எரிந்துகொண்டிருந்தது. அதனை எரிப்பித்தவர் யாமே. முதனாள் வந்தோர் சர்க்கரைத்தண்ணீர் பருகி எறிந்த கோப்பைகளும், அவலுங் கடலையும் பொதிந்த பொலித்தீன் உறைகளும், தண்ணீர்ப் போத்தல்களும், கூட்டியள்ளிய வேப்பஞ்சருகும் ஒன்றாய்க் கிடந்து கரும்புகை விட்டன. ஐந்தாம் வகுப்புச் சிறுமி யொருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஐயா, இந்தப் புகை எங்கே போகும்?" என்று வினாவினாள். "மேலே போய் மறைந்துவிடும், பிள்ளை" என்றேம். முப்பது வருஷம் கற்பித்த வாய் அவ்விடையைச் சிறிதுங் கூசாது சொல்லிற்று. அது பொய். மறைவது கண்ணுக்கேயன்றிப் பொருளுக்கன்று. அச்சிறுமிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பாடத்தையே இங்கு எழுதப் புகுந்தேம்.

புகைக்கு நிறையுண்டு என்பதை மாணாக்கர் முதலில் உணர வேண்டும். கரி 12 பங்கு எரியுங்கால், காற்றிலுள்ள பிராணவாயு 32 பங்கோடு கூடிக் கரியமிலவாயு 44 பங்காகின்றது. ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை ஏறக்குறைய முக்காற் கிலோகிராம். அஃது எரிந்தபின் வெளிப்படுங் கரியமிலவாயுவோ 2.3 கிலோகிராம். சிறிதிலிருந்து பெரிது எவ்வாறு வந்தது என்று கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருங்கள். வகுப்பிலே யாரேனும் ஒருவர் "மிச்சம் காற்றிலிருந்து வந்தது" என்பார். பாடத்திற் பாதி அப்பொழுதே முடிந்தது. மற்றப் பாதிக்கு நும்முடைய மோட்டார்ச் சைக்கிளையே உதாரணமாக வையுங்கள். வீட்டினின்றும் வித்தியாசாலை 9 கிலோமீற்றர். போக வர 18. பள்ளி நடக்கும் நாள் வருஷத்தில் 200 என்று கொண்டால் 3,600 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 80 லீற்றர் வேண்டும். ஆகவே புகை 184 கிலோகிராம். ஓர் உபாத்தியாயர் தம்மைப்போல் மூவர் நிறையுள்ள வாயுவை வருஷந்தோறும் ஆகாயத்திலே ஏற்றிவிட்டு, ஒழுக்கம் கற்பிக்க வகுப்புக்குள் நுழைகின்றார்.

இனி, கரியெல்லாம் ஒரு தன்மையதன்று. இவ்வேறுபாட்டை விளக்காது "புகை தீது" என்று மாத்திரங் கற்பித்தால் மாணாக்கர் மயங்குவர். வேப்பஞ்சருகிலுள்ள கரி சென்ற மழைக்கு முன்னும் பின்னும் அம்மரம் காற்றிலிருந்து உண்ட கரி. அஃது எரிந்தாலும் மக்கினாலும் மீண்டும் காற்றிற் சேர்ந்து, மற்றொரு தளிரில் வந்து நிற்கும். அதனைச் சுழலுங் கரி எனலாம். பெற்றோல், மண்ணெண்ணெய், நிலக்கரி, பொலித்தீன் என்பனவற்றிலுள்ள கரியோ கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் பூமியினுட் புதைந்து சுழற்சியினின்றும் நீங்கியது. அதனை அகழ்ந்து எரித்தல், மூடிவைத்த பழங்கணக்கைத் திறந்து புதுக்கடன் எழுதுவதுபோலாம். வாழையிலைக்கும் பொலித்தீன் தாளுக்கும் உள்ள பேதம் அழகு பற்றியதன்று, இதுவே.

நம் முன்னோர் அடுப்பில் இட்ட ஊமல், பொச்சுமட்டை, தென்னம்பாளை, கங்குமட்டை யாவும் சுழலுங் கரியே. அதனாற் பழமை யெல்லாம் நன்று என்பது எம் கருத்தன்று. அடுப்படிப் புகையை ஐம்பது வருஷம் உண்டு இருமிய தாய்மாரை யாம் அறிவேம். விறகெரிப்போர் புகைபோக்கியும் நல்ல அடுப்பும் வைத்தல் வேண்டும். சருகைத் தெருவிலே கொளுத்தும் வழக்கமும் இவ்வாறே நெஞ்சுக்குத் தீது, பசளையும் வீணாகின்றது.

புதுக்கடன் எவ்வளவாயிற்று? ஆலைத்தொழில் பெருகுமுன் காற்றின் பத்திலட்சம் பங்கிலே கரியமிலவாயு ஏறக்குறைய 280 பங்கு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலே 1958 ஆம் வருஷம் அளக்கத் தொடங்கியபொழுது 315 பங்கு. இப்பொழுது 420 இற்கும் மேல். பூமியின் வெப்பம் ஒரு பாகைக்கு மேல் ஏறிற்று. 1900 ஆம் வருஷந் தொடங்கிக் கடன்மட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. யாழ்ப்பாணத்தார்க்கு இது தூரதேசத்துச் செய்தியன்று. இக்குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாய் மிதக்கின்றது. நம் கிணறெல்லாம் அப்படலத்தையே முகந்து வாழ்கின்றன. யந்திரம் வைத்து அளவின்றி இறைத்தாற் கீழிருந்து உவர் ஏறும். கடல் உயர்ந்தாற் பக்கத்திருந்தும் ஏறும். துலாவாற் பட்டை கொண்டு இறைத்தவனுக்குத் தோள்வலி ஓர் அளவுகோலாயிருந்தது. யந்திரத்துக்குத் தோளில்லை.

அற்றேல், இலங்கையர் ஒருவர் வருஷத்தில் விடும் கரியமிலவாயு உலகச் சராசரியினும் மிகக் குறைந்ததே. செல்வ தேசத்தார் செய்த பிழைக்கு நம் பிள்ளைகள் ஏன் சைக்கிள் மிதிக்க வேண்டும் எனின், நியாயமான ஆக்ஷேபமே. பெருங்கடனாளி பெருந்தேசத்தாரே, அதை மறைத்துப் பிள்ளைகளுக்குக் குற்றவுணர்ச்சி ஊட்டுதல் கூடாது. ஆயினும் நம் எரிபொருள் முழுதும் விலைகொடுத்துக் கப்பலில் வருவது. 2022 ஆம் வருஷம் கப்பல் வராதபொழுது பெற்றோல் வரிசையில் நாட்கணக்காய் நின்றோம். பாடசாலைகள் சில வாரம் மூடப்பட்டன. பரணில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் அப்பொழுதே இறங்கின. அதற்கு முன் யுத்தகாலத் தடைகளின்போது ஜாம் போத்தலிலே சிறிது மண்ணெண்ணெய்விட்டுத் திரியிட்ட விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. அது வறுமை, அதைப் புகழோம். வறுமையாற் செய்ததை விருப்பத்தாற் சிறிதளவு செய்தல் வேறு. இப்பொழுது பெற்றோல் கிடைக்கின்றது. சைக்கிள்கள் மீண்டும் பரணேறின. எம்முடையதும் ஏறியிருந்தது.

வித்தியாசாலையிற் செய்யத்தக்கவற்றுட் குப்பைப்பசளையே தலையாயது என்போம். மதியவுணவுக்கு அரிந்த காய்கறித் தோலும் கீரைத்தண்டும் ஒரு பங்கு, சருகு இரண்டு மூன்று பங்கு, சிறிது சாணம். ஈரம் பிழிந்த துணியினளவு இருத்தல் வேண்டும். வாரமொருமுறை புரட்டினாற் சுமார் மூன்று மாதத்திற் கறுத்து உதிரும். புரட்டுதலை விடலாகாது. என்னை? காற்றுப் புகாது அழுகினால் மீதேன் வாயு பிறக்கும். நூறு வருஷக் கணக்கிலே அது நிறைக்கு நிறை கரியமிலவாயுவினும் ஏறக்குறைய 28 மடங்கு வெம்மை செய்வது. நாறினால் அறிக: காற்றுப் போதவில்லை. யாம் முதற்குவியலை மூடிவைத்துவிட்டு இரண்டு வாரம் மறந்தேம். பக்கத்து வளவார் வந்து நினைப்பூட்டினார்.

பசளையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2021 ஆம் வருஷம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடுத்து, நவம்பர் அளவிலே தடையைத் தளர்த்தியது. அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைவு மிக வீழ்ந்தது. இயற்கைப் பசளை பிழையென்று இதனாற் பலர் கொண்டனர். பிழை அவசரத்தினது. மண் ஒரே போகத்திற் பழகாது. பனையோலையுங் குழையும் தாழ்த்தி வந்த நம் தோட்டக்காரர் அதனை அறிவர். யூரியாவை அளவின்றி இட்டுக் கிணற்றிலே நைத்திரேற்று ஏறியதையும் அவர்களே அறிவர். இரண்டையும் மாணாக்கருக்குச் சொல்லுங்கள்.

மரநடுகை விழாக்களைப் பற்றி எமக்கு மதிப்புக் குறைவு. படம் பிடித்தபின் நீர்வார்ப்பார் இல்லாமற் பட்டுப்போன கன்றுகளை எண்ணினால் ஒரு தோப்பாகும். பனை அவ்வாறன்று. ஆவணி புரட்டாதியில் விழும் பழத்தின் விதையை ஐப்பசி மழைக்குமுன் வேலியோரம் ஊன்றினாற் போதும். வேலையின் பெரும்பகுதியை மழையே செய்யும். காய்க்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகலாம். யுத்தத்திற் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டவற்றின் இடம் இன்னும் வெறுமையாய்க் கிடக்கின்றது. ஒரு வகுப்பு ஒரு வேலியை ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும் பனை நட்டதனால் மோட்டார்ச் சைக்கிளின் கணக்குத் தீர்ந்தது என்று எழுதவேண்டா.

இவ்வருஷத்து நவராத்திரிக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்லி நிறுத்துவேம். பிளாத்திக்குத் தட்டும் கரண்டியும் 2023 ஒக்ரோபர் முதல் இலங்கையில் விலக்கப்பட்டபின், கடதாசிக் கோப்பையே போதுமென்று எண்ணியிருந்தேம். அதனுள்ளும் மெல்லிய பிளாத்திக்குப் பூச்சுண்டு என்பது பின்னரே தெரிந்தது. ஆதலாற் பெற்றோரிடம் எவர்சில்வர்ப் பேணிகளை இரவல் வாங்கினோம். கழுவிய நீரை வாழைக்கு விட்டோம். மாணாக்கர் பனையோலையிற் பிளாவுங் கோலினர். பாதி ஒழுகிற்று, சிரிப்பு மிகுந்தது. பேணிகளில் நான்கு இன்னும் உரியவர் வீடு சேரவில்லை. விருந்தினர் தாமே கொண்டுவந்து விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல்களைத் தடுக்க எமக்கு வழி தோன்றவில்லை. சென்ற வருஷம் வினாவிய சிறுமி இப்பொழுது ஆறாம் வகுப்பு. அவளிடம் தராசைக் கொடுத்தேம். 3 கிலோ 400 கிராம் என்று நிறுத்துக் கரும்பலகையில் எழுதினாள். போத்தல்களை எரியாது சாக்கிற் கட்டிக் களஞ்சிய அறையில் வைத்திருக்கின்றேம். கொள்வார் இன்னும் வரவில்லை.