போட்டியில் நம் இடம் எது?

பக்கத்தில் பெரிய கடை வந்துவிட்டால், நம்மில் பலர் உடனே விலையைக் குறைத்துவிடுகிறோம். அதற்கு முன் ஒரு பாடத்தைக் கவனிப்போமாக.

1980-ல் மைக்கேல் போர்ட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், போட்டியில் நிலைக்க மூன்று வழிகளை வகுத்துரைத்தார். ஒன்று, பிறரைவிடச் செலவைக் குறைத்தல். இரண்டு, பிறரிடம் இல்லாத சிறப்பைத் தருதல். மூன்று, ஒரு சாராரின் தேவையை மட்டும் கவனித்தல். எதையும் தெளிவாகப் பற்றாத கம்பெனி நடுவில் அகப்பட்டுத் தவிக்கும் என்றார்.

உதாரணம் தூரத்தில் இல்லை. 2001-ல் கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியா, ஒரு ரிங்கிட்டுக்குக் கைமாறியது. புதிய முதலாளிகள் இலவசச் சாப்பாடு போன்ற செலவுகளை ஒழித்தார்கள். பிறகே மலிவு டிக்கெட் விற்றார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸோ உபசரிப்பால் பெயர் பெற்றது. வழிகள் வேறு, உறுதி ஒன்றே.

செலவைக் குறைக்காமல் விலையை மட்டும் குறைப்பவர் கைமுதலையே கரைக்கிறார். மொத்தமாக வாங்கும் பெரிய கடையின் விலைக்கு நம்மால் இறங்க இயலாது. ஆனால், எந்த வீட்டுக்கு எந்த அரிசி, எந்த மசாலாப் பக்குவம் என்பது நமக்குத் தெரியும். அந்த இடத்தை நாம் விட்டுவிடலாகாது.