மூச்சு முட்டும்போது துணை நிற்போம்

நாள் முழுவதும் வயலில் மண்வெட்டி பிடித்த ஒருவர். இன்று கிணற்றடிக்குப் போய்வரவே அவருக்கு மூச்சு வாங்குகிறது. சங்கக் கூட்டத்துக்கும் வருவதில்லை. “நான் இனி உங்களுக்குப் பாரம்தானே” என்கிறார். இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருக்கக்கூடும்.

சுருட்டு, பீடி, விறகடுப்புப் புகை, முன்பு வந்து மாறிய காசநோய் ஆகியவற்றால் சுவாசப்பை நிரந்தரமாகப் பழுதடையலாம். ஆனால் நோயாளரை வருத்துவது சுவாசப்பை மட்டுமல்ல, பயமும்தான்.

பயம் செய்யும் வேலை

மூச்சு முட்டியதும் மனிதர் அந்தரப்படுகிறார். மூச்சு விரைவாகிறது. உள்ளே போன காற்றை முழுதாக விடுமுன்பே அடுத்த மூச்சை இழுக்கிறார். பழைய காற்று தங்கிவிட, புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது. முட்டும் கூடுகிறது, பயமும் கூடுகிறது. பின்னர், முட்டு வருமென்று பயந்து நடப்பதையே விடுகிறார். கால்கள் பலமிழக்கின்றன, சிறு வேலைக்கும் களைக்கிறது. இந்த வட்டத்தை அறுக்க வீட்டாராலும் முடியும்.

முட்டு வரும் வேளையில்

1. சுற்றி நின்று கத்தாதீர்கள். ஒருவர் மட்டும் அருகில் இருந்து அமைதியாகப் பேசுங்கள்.
2. கதிரையில் இருத்தி, முன்னே சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றச் செய்யுங்கள்.
3. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிவிடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே செய்யுங்கள்.
4. முகத்தில் காற்றுப்படும்படி விசிறுங்கள். பனையோலை விசிறி போதும்.
5. மருத்துவர் தந்த பம்பைச் சொன்னபடி பாவிக்கச் செய்யுங்கள்.

பேச முடியாமற்போனால், உதடு நீலம்பாய்ந்தால், அல்லது மயக்கம் வந்தால் தாமதிக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

மற்ற நாட்களில்

“சும்மா இருங்கோ” என்று அன்பினால்தான் சொல்கிறோம். அதைக் கேட்பவருக்கோ, தான் எதற்கும் உதவாதவர் என்றே படுகிறது. தூசு, புகை இல்லாத வேலையை அவரிடம் கொடுங்கள்: நாற்றுமேடையைப் பார்ப்பது, கணக்கு எழுதுவது, பிள்ளைகளுக்குப் பயிர்ப் பருவம் சொல்லிக்கொடுப்பது. கிளினிக்கில் கேட்டறிந்து, நாளும் சிறிது தூரம் அவருடன் நடவுங்கள். “சுருட்டுக் குடித்ததால்தானே” என்று குத்திக்காட்டாமல், அதை விட உதவுங்கள்.

காணியையும் வீட்டையும் விட்டு வந்தவருக்கு இந்நோய் இன்னுமோர் இழப்பு. அவர் அதைச் சொல்லும்போது இடைமறிக்காமல் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையும் பசியும் இன்றி மனம் சோர்ந்திருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாது, உடனே உதவி தேடுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துடனும் பேசலாம்.

கலந்துரையாட

1. நம் ஊரில் மூச்சு வருத்தத்தால் வீட்டோடு ஒதுங்கியவர்கள் யார்?
2. அவர்களிடம் நாம் கேட்டுச் செய்யக்கூடிய வேலை எது?
3. இந்த வாரம் யார் போய் அவர்களைச் சந்திப்பது?