ஆழமில்லாத நீர், அடங்காத காற்று: கோலா, சவளா, எஞ்சினா?

வைகாசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் எழுந்தால் ஆவணி கழியும் வரை ஓயாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்கே, காங்கேசன்துறைக் கரையில் கடலைப் பார்த்து நிற்பவருக்கு அது முதுகுப்பக்கக் காற்று. நிலம் மறைப்பதால் கரையோரக் கடல் அடங்கிக் கிடக்கும். அதே காற்று குடாநாட்டின் தென்புறத்தில், யாழ்ப்பாணக் கடனீரேரியின் திறந்த வெளியில், முகத்தில் அறையும். அங்கே பல இடங்களில் தண்ணீர் ஆளுயரம்கூட இல்லை. ஆழமில்லை, பயமில்லை என்று தூண்டிலோடு சிறு வள்ளம் ஏறுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆழமற்ற நீரில் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக எழும். ஒன்றில் ஏறி இறங்குமுன் அடுத்தது வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் அடிக்கும்.

இடுப்பளவு, மார்பளவு நீரில் நான் முதலில் கையில் எடுப்பது மரக்கோல்தான். பன்னிரண்டு, பதினான்கு அடிக் கோல் ஒன்று வள்ளத்தைத் தள்ளும், திருப்பும், நிறுத்தும். சத்தமில்லை, மீன் கலையாது. ஆனால் எந்தப் பக்கம் ஊன்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்று வரும் பக்கம் ஊன்றினால் வள்ளம் கோலை விட்டு விலகி ஓடும், கோல் உங்களைத் தண்ணீருக்குள் இழுக்கும். காற்று போகும் பக்கம் ஊன்றுங்கள். வள்ளம் வந்து கோலில் சாய்ந்து நிற்கும்.

குருநகர்ப் பக்கம் ஒரு பெரியவர் எனக்கு இதைக் காட்டித் தந்தார். நான் கையை நீட்டிக் குத்தியதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கோலைத் தூரக் குத்தாதை. உன்ரை காலடியிலை குத்து. சேத்திலை புதைஞ்சா இழுக்காதை, திருகு. அப்பவும் வராட்டி விட்டிடு. கோல் அங்கையே நிக்கும், திரும்பி வந்து எடுக்கலாம். வள்ளம் நிக்காது.” சொன்னபடியே அன்று மத்தியானம் கோல் சேற்றில் மாட்டியது. கையை விட்டேன். சவளால், அதாவது துடுப்பால், வலித்துத் திரும்பிவந்து எடுத்தோம்.

கோலுக்கு நிலம் எட்டாத இடத்தில் சவள்தான். எதிர்க்காற்றில் தனியாள் வலித்து வெகுதூரம் போகமுடியாது. முழந்தாளிட்டுத் தாழ இருங்கள். காற்றை எதிர்த்துப் போகையில் பாரம் அணியப் பக்கம் இருக்கட்டும், காற்றோடு திரும்புகையில் பின்னுக்கு நகர்த்துங்கள். பாயைப் பற்றி ஒரே சொல்: பழகாதவர் சோளகத்தில் தொடவேண்டாம்.

எஞ்சின் போக, வர உதவும். மீன்பிடிக்கும் இடத்தில் அதை நிறுத்தித் தூக்கிவிடுவதே சரி. இரண்டடித் தண்ணீரில் காற்றாடி சாதாழைக் கடற்புல்லைச் சுற்றிக்கொள்ளும், சேறு உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்குழாய் அடைபடும். பக்கத்தில் நீர் துப்புவது நின்றால் உடனே அணையுங்கள். களங்கண்டி வலை நட்ட இடங்களில் எஞ்சினோடு நுழைவது இன்னொருவரின் சோற்றில் கைவைப்பது.

மீன் இருக்கும் இடத்தில் நிற்பதா, நகர்வதா என்பது அடுத்த கேள்வி. நிற்பதென்றால் நங்கூரம், அதுவும் அணியத்திலிருந்து மட்டும். பின்னால் போட்டால் அலை உள்ளே ஏறும். கயிறு ஆழத்தைப்போல் ஏழு மடங்கு விடுங்கள். நாலடி நீருக்கு இருபத்தெட்டடி. சாதாழை மேல் நங்கூரம் வழுக்கும், புல்லையும் பிடுங்கும். மணல் திட்டாகப் பார்த்துப் போடுங்கள்.

நகர்வதே எனக்குப் பிடித்தது. ஸ்கொட்லாந்தின் லொக் லீவன் ஏரி, சராசரி ஆழம் நாலு மீற்றருக்கும் குறைவு, காற்று நிறைய. அங்கே ட்ரவுட் பிடிப்பவர்கள் படகைக் காற்றுக்குக் குறுக்காக விட்டு, துணிக்குடை ஒன்றை நீரில் இழுபட வைத்து, மெல்ல மிதந்தபடி தூண்டில் வீசுகிறார்கள். நமக்கு வாய் விரித்துக் கட்டிய சாக்கொன்று போதும். காற்று வரும் பக்கத்தில், வள்ளத்தின் நடுவில் கட்டினால் ஓட்டம் குறையும், கொடுவா பதுங்கும் திட்டு ஓரங்களை நின்று நிதானித்துத் தேடலாம். அலைத்தலைகளில் பரவலாக வெண்ணுரை தெரிந்தால் காற்று மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. அப்போது சாக்கின் கயிற்றை அணியத்துக்கு மாற்றுங்கள், அல்லது கரைக்குத் திரும்புங்கள். எப்போதும் காற்று வரும் திசைக்கு முதலில் போய், அங்கிருந்து மிதந்து வாருங்கள். களைத்த நேரத்தில் காற்று உங்களை வீட்டுப் பக்கம் கொண்டுவரும்.

காங்கேசன்துறைக் கடலில் மட்டும் சோளகக் காலத்தில் மிதக்கவே மிதக்காதீர்கள். அங்கே கரை இருப்பது காற்று வரும் பக்கம். எஞ்சின் நின்றால் கோலுக்கு நிலம் எட்டாது, சாக்கு தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. வள்ளம் போகும் திசையில் இருப்பது இந்திய-இலங்கைக் கடல் எல்லை.